எஃப்.சி. டயர்

அக்டோபர் 5, ஞாயிறு

போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும். இதை யாரும் படிக்கக் கூடாது, முக்கியமாக அம்மா. அம்மாவுக்குத் தெரிந்தால் அப்பாவைக் கேட்பாள். அப்பா பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போவார். பிறகு இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும்.

இன்று வேன் கழுவினோம். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்கு எங்கள் ஒன்பது பேரை அப்பா ஏற்றிப் போகும் வேன். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவுவது என் வேலையும் தம்பி தருணேஷ் வேலையும். அவன் கண்ணாடி துடைப்பான், முகம் பார்க்கலாம் என்பதால். டயர் எப்போதும் எனக்கு.

பின் டயரில் அப்பியிருந்த செம்மண்ணைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். மண் போனது. விரலால் தடவினேன். பட்டன் இல்லை. டயரில் வெட்டு வெட்டாக இருக்குமே, அதை வேன் ஸ்டாண்டில் பட்டன் என்றுதான் சொல்வார்கள். டயர் புதிதாக இருந்தபோது அப்பாதான் எனக்குக் காட்டினார்: பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுசு முடிந்தது. இப்போது மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சிலேட்டு மாதிரி இருக்கிறது.

முன் பக்கம் இடது டயர் இன்னும் மோசம். ஒரே மூலையில் அழித்து அழித்துத் தீர்ந்த ரப்பர் போல உள் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. அங்கே முடி போல ஒரு கம்பி நீட்டிக்கொண்டு விரலில் குத்தியது.

அது ஏன் ஒரு பக்கமாகத் தேய்ந்தது என்று எனக்குத் தெரியும். போன வருடம் ஐப்பசி மழையில் ஏழாம் வளைவில் சுவரில் இடித்த பிறகுதான். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

அக்டோபர் 6, திங்கள்

வேனில் நான் வலது பக்கம்தான் உட்காருவேன். அந்தப் பக்கம் காற்று நன்றாக வரும்.

ஏழாம் வளைவு வந்ததும் அஸ்வந்த் வழக்கம்போலக் காட்டுமாடு கதையை ஆரம்பித்தான். ஒன்றாம் வகுப்புப் பையன், சகிலா அக்கா மகன். "இங்கதான் காட்டுமாடு குறுக்க வந்துச்சு. மாமா பிரேக் அடிச்சாரு. அது மொறச்சுச்சு." ஒவ்வொரு முறையும் காட்டுமாடு கொஞ்சம் பெரிதாகிறது. இன்று அதற்கு மூன்று கொம்பு. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

என் கை தருணேஷ் பையின் வாரைப் பிடித்திருந்தது. பள்ளிக்கூட வாசலில் அவன் சொன்னபிறகுதான் விட்டேன்.

அக்டோபர் 8, புதன்

டயர் வந்துவிட்டது. நான் எதுவும் சொல்லவில்லை, கேட்கவில்லை, தானாகவே வந்துவிட்டது. பெள்ளி மாமாவின் பிக்கப்பில் நான்கு டயர். பெள்ளி மாமாதான் ஸ்டாண்டில் மூத்த டிரைவர். நான்கிலும் பட்டன் விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கிறது. கறுப்பாகப் பளபளவென்று மின்னுகிறது. நாளைக்கு வேனுக்கு எஃப்.சி. காட்ட வேண்டும். வண்டி ஓட்டத்துக்குத் தகுதியானதுதானா என்று பார்த்துச் சான்று தரும் நாள். அதற்காக அப்பா புது டயர் போட்டுவிட்டார்.

ராத்திரி சாதம் இரண்டு முறை போட்டுக்கொண்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

வேன் பாஸ் ஆகிவிட்டது. ஆனால் அது புது டயர் இல்லை, எங்கள் டயரும் இல்லை.

சாயங்காலம் அப்பா ஜாக்கி போட்டு அதைக் கழற்ற ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. அது ஸ்டாண்டின் டயராம். பெள்ளி மாமா வீட்டு உருளைக்கிழங்கு கொட்டகையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருப்பார்களாம். யாருக்கு எஃப்.சி. வந்தாலும் அதை மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, அன்றைக்கே கழற்றி டீசல் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த எஃப்.சி.க்கு அடுத்த வண்டி. எல்லா டிரைவருக்கும் தெரிந்த வழக்கம். எனக்குத்தான் தெரியவில்லை.

பழைய டயர்கள் சுவரில் சாய்த்து வைத்திருந்தன. அந்தக் கம்பி வெயிலில் மின்னியது.

அழக் கூடாது என்றுதான் இருந்தேன். "அப்பா, இதையே போட்டிருங்கப்பா. மழை வரப்போகுது" என்றேன். அவர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் என்று நினைத்து வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கழற்றவில்லை. காலையில் பார்த்தேன். நான்கும் வேனிலேயே இருக்கின்றன.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று வேனில் தூங்கிவிட்டேன். ஏழாம் வளைவு எப்போது போனது என்றே தெரியவில்லை. என்னோடு படிக்கும் ரோஸ்லின் சொன்னாள், என் முகம் தெளிந்திருக்கிறதாம். கணக்கில் நாற்பத்தாறு. அதனால்கூட வருத்தம் வரவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

பெள்ளி மாமா வீட்டுக்கு வந்தார். அவர் அண்ணன் மகன் போஜனும் வேன்தான் ஓட்டுகிறார். அவருக்கு நவம்பர் மூன்றாம் தேதி எஃப்.சி. டயரைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். அப்பா மழை முடியட்டும் என்றார். மாமாவின் குரல் உயர்ந்தது. பொதுச்சொத்தை வைத்துக்கொள்ள அப்பாவுக்கு யார் உரிமை கொடுத்தது என்றார்.

"என்ன லோகு, மகளுக்குச் சீதனமா டயரை எடுத்து வெச்சுக்கிட்டியா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.  அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்பாவுக்கு ஸ்டாண்டில் இப்போது யாரும் டீ சொல்வதில்லையாம். தருணேஷ் சொன்னான்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. முறுக்கைக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுவது என் வேலை. போன தீபாவளிக்கு வாங்கி மிச்சமிருந்த பாக்கெட்டை அம்மா எடுத்துக் கொடுத்தாள். பிரிக்கவே இல்லை. முதல் பேண்டை இழுத்தேன், அறுந்தது. இரண்டாவதும் அறுந்தது. எல்லாமே அப்படித்தான், கையில் பிசுபிசுப்பு வேறு.

"உபயோகிக்காம வெச்சிருந்தா கெட்டுத்தான் போகும்" என்றாள் அம்மா. நூலால் கட்டச் சொன்னாள்.

அதன்பிறகு எந்த வேலையும் சரியாக ஓடவில்லை. முறுக்கைக்கூட எண்ணெயில் கருக விட்டுவிட்டேன்.

அக்டோபர் 22, புதன்

ரோஸ்லினின் அக்கா டவுனில் டயர் கடையில் பில் போடும் வேலையில் இருக்கிறாள். மதியம் ரோஸ்லினோடு போய்ப் பார்த்தேன். யாருடைய வண்டி என்று சொல்லவில்லை. சும்மா தெரிந்துகொள்ள என்றேன்.

அவள் சொன்னது: டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டும் வருடம். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது பாதிக் கணக்குத்தான். ஐந்து வருடம் ஆகிவிட்டால் வருடா வருடம் சோதிக்க வேண்டும். பத்தாகிவிட்டால் ஒரு நாளும் ஓடாத டயராக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டும். ரப்பர் காய்ந்துவிடும். பட்டன் இருக்கும், ஆனால் ரோட்டைப் பிடிக்காது. சூட்டில் வெடித்தும் போகலாம். டீசல் போட்டுத் துடைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும்.

டீசல் போட்டுத் துடைக்கிறார்கள் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவளாகத்தான் சொன்னாள்.

அக்டோபர் 23, வியாழன்

மழை. பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் அப்பா தூங்கினார். டயரின் வெளிப் பக்கம் அந்த நான்கு எண் இல்லை. சாக்கை விரித்து வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு உள்ளே டார்ச் அடித்தேன். முதுகெல்லாம் சேறு. நீள்வட்டம் கிடைத்தது.

2613.

தருணேஷ் பிறந்த வருடம். தருணேஷுக்கு மீசை முளைக்கப் போகிறது.

மற்றவற்றையும் பார்த்தேன். நான்கும் ஒரே வருடம். எண்ணைச் சுற்றி மெல்லிய வெடிப்புகள். தேயிலை பறித்துவிட்டு வரும் அம்மாவின் குதிகாலில் இருக்குமே, அந்த மாதிரி.

அக்டோபர் 24, வெள்ளி

இன்றும் மழை லீவு. கடவுளுக்கு நன்றி.

அக்டோபர் 26, ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்று சொல்லிவிட்டார்கள்.

வேன் கழுவும்போது டயரைத் தேய்க்கவில்லை. தொடவே பயமாக இருந்தது. அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? நான் கேட்டதால்தான் அவர் அதைப் போட்டார். நான் கேட்டதால்தான் ஸ்டாண்டில் அத்தனை பேரிடமும் பேச்சு வாங்குகிறார். இப்போது போய், அது பழையதைவிட மோசம் என்று சொன்னால்?

பழைய டயர் மொட்டை என்பது பார்த்தாலே தெரியும். அதனால் அப்பா மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் அவர் தாடை இறுகும். இந்த டயரை நம்பி இப்போது கொஞ்சம் வேகமாகப் போகிறார். பாட்டு போடுகிறார்.

எழுதமாட்டேன் என்றதை எழுதிவிடுகிறேன். போன வருடம் காட்டுமாடு எதுவும் வரவில்லை. ஈர ரோட்டில் வேன் தானாக வழுக்கியது. அப்பா ஸ்டீரிங்கைத் திருப்பினார், வேன் திரும்பவில்லை. இடது பக்கம் சுவரில் இடித்தது. சுவர் உடைந்து கல் கீழே போனது. விழுந்த சத்தம் கேட்க ரொம்ப நேரம் ஆயிற்று. நான் இடது பக்க ஜன்னலில் இருந்தேன். யாருக்கும் அடி இல்லை. அப்பா இறங்கி ரோட்டோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு எங்களிடம், "காட்டுமாடு குறுக்க வந்துச்சு, சரியா?" என்றார். எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கித் தந்தார். சின்னதுகள் அதை அப்படியே நம்பிவிட்டன.

அப்பா அன்றைக்குப் பன் சாப்பிடவில்லை. டீ கிளாஸை வாய்வரை கொண்டுபோய்விட்டுக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். இதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

சொல்லிவிட்டேன்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் எல்லோரும் ஏறுவோம். அம்மாக்கள் சிலர் குடையோடு நின்றார்கள். தூறல். எல்லோரும் ஏறிவிட்டார்கள், நான் ஏறவில்லை.

"ஏறு பாப்பா, நேரமாச்சு."

"டயர் நம்பர் பாத்தேன்ப்பா. தருணேஷ் வயசு."

அப்பாவுக்குப் புரியவில்லை. இறங்கி வந்தார். பட்டன் கொஞ்சம்கூடத் தேயவில்லையே என்றார். நான், "தேயாமயே கெட்டுப்போச்சுப்பா" என்றேன். எனக்கு வந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் அழுகையாகத்தான் வந்தது.

அப்பா குந்தி உட்கார்ந்து சாவி முனையால் டயரைக் கீறினார். ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. காய்ச்சல் பார்ப்பது போல உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். உள்ளே சின்னதுகள் ஜன்னலில் மூச்சு விட்டு விரலால் படம் போட்டுக்கொண்டிருந்தன.

பிறகு எழுந்து எல்லோரையும் இறங்கச் சொன்னார். சகிலா அக்கா என்னவென்று கேட்டார். பேட்டரி போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன்.

"டயரு சரியில்லீங்க. போன வருசமும் இதே கததான். அன்னிக்குக் காட்டுமாடு எதுவும் வரல. மொட்ட டயரு, வழுக்கிருச்சு. நான்தான் புள்ளைங்கள அப்படிச் சொல்லச் சொன்னேன்."



"வந்துச்சு மாமா" என்றான் அஸ்வந்த். "நான் பாத்தேன். மூணு கொம்பு."

யாரும் சிரிக்கவில்லை. சகிலா அக்கா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "நம்பித்தானே ஏத்திவிட்டோம் லோகண்ணா" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லோரும் கவர்மென்ட் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். முதல் பீரியட் போய்விட்டது. தருணேஷ் என்னோடு பேசவில்லை. நான் அப்பாவை அசிங்கப்படுத்திவிட்டேனாம்.

அக்டோபர் 28, செவ்வாய்

மூன்று வீட்டில் பிள்ளைகளைப் போஜன் அண்ணன் வேனுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வேனில் பெள்ளி மாமாவின் பேத்தியும் போகிறாள். அதன் டயர்கள் எங்கள் பழைய டயரைவிட வழுக்கை. ஸ்டாண்டில் நிற்கும்போது பார்த்திருக்கிறேன்.

அப்பா இன்று சாப்பிடும்போது என் தட்டில் அவருடைய முட்டையை வைத்தார்.

நவம்பர் 1, சனி

தருணேஷ் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவன் அப்பாவோடு ஸ்டாண்டுக்குப் போயிருந்தான்.

எங்கள் வேனிலிருந்து கழற்றிக் கொண்டுபோன நான்கு டயரையும் பிக்கப்பிலிருந்து இறக்கியதும் போஜன் அண்ணன் உருட்டிப்போக வந்தாராம். அப்பா அவரைத் தடுத்து நம்பரைக் காட்டினாராம். பெள்ளி மாமாவுக்குக் கோபம். பன்னிரண்டு வருடமாக இந்த டயரில் எத்தனை வண்டி பாஸ் ஆகியிருக்கிறது, ஒரு புண்ணியவான்கூடக் குறை சொன்னதில்லை, ஸ்டாண்டுக்கே குலதெய்வம் மாதிரி என்றாராம். இன்னும் என்னென்னவோ சொன்னாராம், தருணேஷ் சொல்ல மறுக்கிறான்.

அப்பா வாக்குவாதம் செய்யவில்லை. பிக்கப்பில் கிடந்த கத்தியை எடுத்து ஒரு டயரின் விலாவில் இறக்கி, பூசணிக்காய் அறுப்பது போல அறுத்துவிட்டாராம். நாலு பேர் அடிக்க வந்தார்களாம்.

அப்பா அறுபட்ட வாயைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ரப்பர் கருகிய சப்பாத்தி போல நொறுங்கியதாம்.

"இதப் போட்டுக்கிட்டு இவன் ஓட்டப் போறான். பின்னாடி உங்க பேத்தி உக்காந்திருப்பா, மாமா."

பெள்ளி மாமா ரொம்ப நேரம் அதைத் தொட்டுப் பார்த்தாராம். பிறகு அப்பா கையிலிருந்த கத்தியைப் பிடுங்கினாராம். தருணேஷ் கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தால் மாமா அடுத்த டயர் பக்கம் குனிந்திருந்தாராம்.

"நம்ம அப்பாவுக்குப் பயமே இல்லக்கா" என்றான். அவன் என்னோடு பேசிவிட்டான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

அம்மாவின் தீபாவளி போனஸ் பீரோவுக்கு என்று வைத்திருந்தது. இன்று அதை அப்பா முன்னால் வைத்து டயர் வாங்கச் சொன்னாள். அப்பா வேண்டாம் என்றார்.

"பீரோவுல வெச்சுப் பூட்ட நம்மகிட்ட என்ன இருக்கு? இருக்கிற ரெண்டையும் அந்த வேன்லதான் அனுப்புறேன்."

அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள்: "காட்டுமாடு குறுக்க வந்தா பிரேக் அடிச்சு வண்டி நிக்கும், சரி. செவுரு எதுக்கு ஒடையுது? எனக்கு அன்னிக்கே தெரியும்."

அப்பா தலையைத் தூக்கவில்லை. அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். ஒரு வருடமாக நான் அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று காத்த ரகசியம் இது.

நவம்பர் 9, ஞாயிறு

பின்பக்கம் இரண்டு டயர் புதிதாகப் போட்டாகிவிட்டது. ஸ்டாண்டில் எல்லோரும் புதுசை முன்னால் போடு, ஸ்டீரிங் அங்கேதானே இருக்கிறது என்றார்களாம். கடையில் பின்னால்தான் என்று சொல்லிவிட்டார்கள். முன்னால் வழுக்கினால் டிரைவருக்குத் தெரியும், பின்னால் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடுமாம். முன்னால் இரண்டும் வரும்வரை பிள்ளைகளை ஏற்றப் போவதில்லை என்கிறார் அப்பா. எஸ்டேட் லாரி ஓட்டப் போகிறார். சாயங்காலம் வந்ததும் கட்டிலில் அப்படியே விழுகிறார். ஆனால் குறட்டை விடுகிறார். அப்பா குறட்டை விட்டு எத்தனை நாள் ஆயிற்று.

போஜன் அண்ணன் எஃப்.சி.யைத் தள்ளிப்போட்டுவிட்டு வேனைக் கொட்டகையில் நிறுத்திவிட்டார். அவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ளட்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

வேன் கழுவினோம். லாரி வேலைக்கு முன்பணம் வாங்கி அப்பா முன்னாலும் இரண்டு புதுசு போட்டுவிட்டார். நான்கு டயரையும் நானே தேய்த்தேன். பட்டனுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், அந்த மேடு ஆழத்தில் எங்கேயோ இருக்கிறது. முன் சக்கரம் இரண்டையும் அலைன்மென்ட் பார்த்து நேராக்கியாயிற்று. மழை வருவதற்கு முன் ஒவ்வொரு வருடமும் நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார் அப்பா. மலை ரோட்டில் சமவெளியைவிடச் சீக்கிரம் தேயுமாம்.

டீசல் துணியை அடுப்பில் போட்டுவிட்டேன்.

நவம்பர் 17, திங்கள்

இதை லைட் போட்டுத்தான் எழுதுகிறேன். அம்மா சொன்னாள், "டார்ச் பேட்டரி மாசம் மாசம் தீந்து போகுது. கண்ணக் கெடுத்துக்காம லைட்டப் போட்டு எழுது. நான் ஒண்ணும் படிக்க மாட்டேன்." படித்தாலும் படிப்பாள். பரவாயில்லை.

காலையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வேன் வந்து நின்றது. ஒன்பது பேரில் ஆறு பேர் இருந்தோம். சகிலா அக்கா அஸ்வந்தை உடனே ஏற்றவில்லை. புடவையைச் சேர்த்துப் பிடித்துக் குனிந்து டயரில் நம்பரைத் தேடினார். "முப்பத்தாறு, இருபத்தஞ்சு" என்று சத்தமாகப் படித்தார். அப்பா கைகட்டி நின்றார். நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்தபிறகுதான், "ஏறுடா" என்றார். இனிமேல் மாதம் ஒருமுறை பார்ப்பாராம். அப்பா, "பாருங்க சகிலா, பாக்கணும்" என்றார்.

ஏழாம் வளைவில் அப்பா வேகத்தைக் குறைத்தார். உடைந்த சுவரின் இடைவெளியில், கம்பி கட்டி, வெள்ளைப் பெயின்ட் அடித்து, நான்கு டயர். விலாவில் வெட்டுகள் தெரிந்தன. பெள்ளி மாமாவும் போஜன் அண்ணனும் நேற்று வந்து கட்டினார்களாம்.

"இங்கதான் காட்டுமாடு வந்துச்சு" என்றான் அஸ்வந்த், என் மடியில் ஏறி. கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். பனி விலகியிருந்தது. கீழே, ரொம்பக் கீழே, ஓர் ஓடை ஓடுகிறது. இத்தனை வருடம் அந்த வழியாகவே போகிறேன், எனக்குத் தெரியாது.